நக்கோ டாக்டரும் ரெண்டு செம்பும்

நோயாளியோடு வரும் பிள்ளைகள் வாயைத் திறந்தால் நோய் முற்றிவிடும் என்று நம்பிய மருத்துவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் ஹைதராபாத்தில், எங்கள் அல்வாலில் இருந்தார். பெயர்ப்பலகையில் என்ன பெயர் இருந்ததோ, பேட்டை முழுக்க அவர் நக்கோ டாக்டர். நக்கோ என்றால் ஹைதராபாத் உருதுவில் 'வேண்டாம்'. நாம் எதைச் சொன்னாலும் அவரிடம் அதுதான் பதில்.

திருநெல்வேலியிலிருந்து அப்பாவை என்னோடு கூட்டிவந்த புதிதில், இவர் பிரஷர் மாத்திரையின் அளவைக் கூட்டினார். அதிலிருந்து அப்பா எழுந்து நின்றாலே தள்ளாடினார். ஒருநாள் குளியலறையில் விழுந்தார். இடுப்பெலும்பு தப்பியது. அடுத்த முறையும் தப்பும் என்று யார் உத்தரவாதம் தருவது? மாத்திரையைக் குறைக்கச் சொல்லலாம் என்று அழைத்துப் போனேன்.

"டாக்டர், இவருக்கு..."

"நக்கோ. பேஷன்ட் நீயா, அவரா? அவரு செப்பட்டும்."

அப்பா பவ்யமாக, "எந்திச்சா மயக்கமா வருது சார்" என்றார்.

தெலுங்கில் 'மைகம்' என்றால் போதை. டாக்டரின் முகம் கறுத்தது. கட்டைவிரலை வாயருகே சாய்த்து, தினம் எவ்வளவு என்று சைகையில் கேட்டார். தண்ணீரைத்தான் கேட்கிறார் என்று அப்பாவுக்கு ஒரே பெருமை. இரண்டு விரலைக் காட்டி, "காலையில வெறும் வயித்துல ரெண்டு செம்பு" என்றார். செம்பு தெலுங்கிலும் செம்புதான்.

நான் குறுக்கிட்டேன். நக்கோ. எழுந்து நின்று கத்தினேன். அதைவிடப் பெரிய நக்கோ. "குடி பந்த்" என்று அப்பாவின் தோளைத் தட்டி அனுப்பிவிட்டார். மாத்திரை அப்படியே இருந்தது.

அன்றிலிருந்து அப்பா தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார். அதுவும் மே மாத வெயிலில். கெஞ்சிப் பார்த்தேன்.

"டாக்டரே குடிக்கக்கூடாதுங்காரு. நீ அவருக்கு மேல படிச்சிருக்கியோ?"

நாக்கை நனைக்க ஒரு மடக்கு, அவ்வளவுதான். அந்த வாரமே மறுபடி விழுந்தார். நெற்றியில் தையல்.

வந்த ஆத்திரத்தில் கிளினிக்கைக் கொளுத்தியிருப்பேன். அதற்குப் பதில் என் பெயரில் டோக்கன் எடுத்தேன். அப்பாவைப் பின்னால் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, நோயாளியின் ஸ்டூலில் நான் உட்கார்ந்தேன்.

"உனக்கு ஏமி ப்ராப்ளம்?"

"எங்க அப்பாதான் டாக்டர்."

பேசுவது பேஷன்ட் ஆயிற்றே, நக்கோ சொல்ல வழியில்லை. அரைகுறைத் தெலுங்கில் மயக்கம், செம்பு, தண்ணீர், தையல் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். பாதியில் அழுதும்விட்டேன்.

அவர் அப்பாவை நிற்கவைத்து பிரஷர் பார்த்தார். உட்காரவைத்துப் பார்த்தார். மாத்திரையைப் பாதியாக்கினார். என்னிடம் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்கவில்லை, மகானுபாவர். தன் பாட்டிலிலிருந்த தண்ணீரை டம்ளரில் ஊற்றி அப்பாவின் கையில் கொடுத்து, அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

இப்போது பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். அங்கே டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி என்னிடம் மட்டும் பேசுகிறார். அப்பா என்ற ஒருவர் நடுவில் உட்கார்ந்திருப்பது யார் கண்ணிலும் படுவதில்லை. போன வாரம் வெளியே வந்ததும் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த நக்கோ டாக்டர்ட்டயே போவோம்மா. ஏசுனாலும் என்னயப் பாத்துல்லா ஏசுவாரு."

அவர் லீவில் இருக்கிறார் என்று சொன்னேன். செத்துப்போய்விட்டார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.