கஞ்சி போட்ட கோதுமை

என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். எழுத்துப் பிழைக்கும் குறைவிருக்காது, பொறுத்துக்கொள்ளுங்கள். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தறியில் உட்கார்ந்தவன் நான். அதைவிடப் பெரிய குறை, யாரிடமும் 'முடியாது' என்று சொல்ல எனக்கு வாய் வராது. நெல் விளையும் ஆரணிப் பக்கத்தில் நான் கோதுமை விவசாயி ஆனது அப்படித்தான்.

பயிர் ஆராய்ச்சி செய்யும் மேடம் ஒருவர், கண்ணமங்கலம் ரோட்டில் என் மனைவி ஸ்டெல்லாவின் துண்டு நிலத்தில் இரண்டு பாத்தி கோதுமை போடச் சொன்னார். பயிர் வளர்ந்ததும் ஒரு சின்னப் பாக்கெட்டைக் கொடுத்தார்.

"இது செலினியம். ஒரு பாத்தியில மட்டும் இலை மேல தெளிங்க. கோதுமை மணிக்குள்ள போய்ச் சேரும், சாப்பிடறவங்களுக்கு நல்லது. அளவு மீறினா விஷம். இலையில நிக்கறதுக்கு ஒட்டுத் திரவம் கலந்துக்குங்க."

அந்தத் திரவத்தைக் கடையில் என்ன பேர் சொல்லிக் கேட்பது? (கேட்க வெட்கம்.) தறியில் நீளவாக்கில் ஏற்றும் பட்டுப் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டே வயசானவன் நான். நூலில் நிற்பது இலையில் நிற்காதா? அரிசிக் கஞ்சியை வடிகட்டிக் கலந்து தெளித்துவிட்டேன்.

கஞ்சி போட்டால் பாவில் இழைக்கு இழை ஒட்டாமல் பிரித்துவிட வேண்டும். அதே வழக்கத்தில் குனிந்து கோதுமையையும் இலை இலையாகப் பிரித்தேன்.

"இன்னாங்க, சீவி முடிச்சு பூ வேற வெச்சு உடப் போறீங்களா?" என்றாள் ஸ்டெல்லா.

மறுநாள் காலை, தெளித்த பாத்தியில் வெறும் கட்டைதான் இருந்தது. நடுவில் பக்கத்து வீட்டு எஸ்தர் அக்காவின் கிடா உதட்டை நக்கிக்கொண்டு நின்றது. தெளிக்காத பாத்தியை அது மோந்துகூடப் பார்க்கவில்லை.

அந்தக் கிடா, மறுநாள் அக்கா மகள் நிச்சயதார்த்தத்துக்குப் பிரியாணியாக வேண்டியது.

அக்காவிடம் விஷயத்தைச் சொல்லப் போனேன். வாய் வரவில்லை. கிடாவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இன்னா தம்பி, என் ஆட்டையே பாத்துகினு நிக்கறே? உனக்கு நல்லி எலும்பா எடுத்து வெக்கறேன், போ" என்றார் அக்கா.

மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்தாயிற்று. கொல்லையில் கத்தியைத் தீட்டினார்கள். என் வாய் அப்போதுதான் திறந்தது.

"வெட்டாதீங்க. அதுக்குள்ள செலினியம் இருக்குது."

சம்பந்தி எழுந்து வந்தார். "யாருங்க அந்தச் செலினியம்?"

மேடத்துக்குப் போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மேடம் சொன்னார்: "பாக்கெட் சின்னதுதான், ஆட்டுக்கு ஒண்ணும் ஆகாதுன்னுதான் நினைக்கறேன். ஆனா சாப்பிடுங்கன்னு நான் சொல்ல மாட்டேன்."

நிச்சயதார்த்தம் சாம்பாரில் நடந்தது. சம்பந்தி அப்பளத்தை நொறுக்கிய சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. "பேஜார் புடிச்ச ஆடு. நீயே வெச்சுக்கோ, ஜல்தி இட்டுகினு போ" என்று அக்கா கயிற்றை என் கையில் திணித்தார்.

அறுவடைக்கு வந்த மேடம், "தெளிச்ச பாத்தியில கொஞ்சமாவது மிஞ்சியிருக்குமே, அந்த மகசூல் எங்க?" என்றார். நான் கிடாவைக் காட்டினேன்.

கிடாவுக்குத் தும்மல்கூட வரவில்லை. கல்யாணமும் நல்லபடியாக நடந்தது. ஆனால் இன்றும் எங்கள் வீட்டு விருந்தில் அந்தச் சம்பந்தி சோற்றில் கை வைக்குமுன் என்னைப் பார்ப்பார். "தம்பி, இதுக்கு எதனா தெளிச்சியா?"

இந்தக் கதையை இரண்டாம் தடவையாக எழுதுகிறேன். முதலில் எழுதிய தாள்களைக் கஞ்சி தடவி ஒட்டி ஜன்னலோரம் காயவைத்திருந்தேன். கிடா தின்றுவிட்டது.

தை மாதம் பதினெட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.