ஜூலையில் விழுந்த கோடு

கம்ப்யூட்டர் திரையில் அந்த லாபக் கோடு 2004 வரைக்கும் ஒழுங்காக ஏறி வந்து, அப்புறம் கால் தடுக்கிய ஆள் மாதிரி விழுந்து கிடந்தது. ஆரோன் அழித்துவிட்டு மறுபடி வரைந்தார். அதே இடத்தில் விழுந்தது.

பெருங்களத்தூரில் குக்கர் கேஸ்கட் செய்யும் கம்பெனிக்கு ஆரோன் அக்கவுண்டன்ட். போன மாதம்தான் பெரிய முதலாளியான தன் அத்தாவிடமிருந்து பொறுப்பை ஏற்றுக்கொண்ட பர்வேஸ், ஐந்து வருட ஆப்பரேட்டிங் இன்கம் கேட்டிருந்தார். வட்டி, வரி, குடோன் வாடகை வரவு எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, கேஸ்கட் வியாபாரத்தில் மட்டும் வருடா வருடம் என்ன நின்றது என்று.

“இருபத்தஞ்சு லட்சம், இருபத்தெட்டு, பதினஞ்சு, பத்து, ஒம்பது,” என்று வாசித்த பர்வேஸ் நிமிர்ந்து பார்த்தார். “என்ன சார் இது?”

“ரப்பர் விலை ஏறிடுச்சு பாய்.”

“ரப்பர் யார் வாங்கறாங்க?”

“நான்தான்.”

பர்வேஸ் மறுபடி அந்த எண்களைப் பார்த்தார். அவர் திட்டியிருந்தால் ஆரோனுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். மாத வாரியாகப் பிரித்துப் போட்டால் உண்மையான காரணம் தெரிந்துவிடும் என்று ஆரோனாகவே வாயைக் கொடுத்தார்.

தெரிந்துவிட்டது. 2004 ஜூன் மாதம் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். ஜூலையில் எண்பத்தைந்தாயிரம். அதற்குப் பிறகு எழுந்திருக்கவே இல்லை.

“ஜூலையில அப்படி என்ன நடந்துச்சு?”

“புதுசா ஒண்ணும் இல்ல பாய்.”

“நீங்க எப்ப சேந்தீங்க?”

ஆரோன் தண்ணீர் குடித்தார். “ஜூலை ரெண்டாம் தேதி.”

அன்று மாலை தாம்பரம் போகும் ரயிலில் அவருக்கு உட்கார இடம் கிடைத்தது. உட்காரத் தோன்றவில்லை. வீட்டில் மனைவி மெட்டில்டா முழுக் கதையையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “நீங்க ஒண்ணும் எடுக்கலையே?” என்றாள்.

“நீயுமா?”

“எடுத்திருந்தா வீட்டுக்கு வந்திருக்குமே. அதான் கேட்டேன்.”

மறுநாள் ஆரோன் பழைய ஃபைல்களை இறக்கினார். தான் சேர்வதற்கு முன்னால் சரக்கு அதிகம் விற்றிருக்கும், அதனால்தான் லாபமும் அதிகம் என்று காட்டிவிடலாம் என்ற நம்பிக்கை. அவருக்கு முன்னால் இருந்த ஸ்ரீநிவாசராகவனின் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. கூட்டிப் பார்த்தார். அந்த வருடங்களில் இப்போது விற்பதில் பாதிகூட விற்கவில்லை. பாதிச் சரக்கில் மூன்று மடங்கு லாபம். கூட்டியதை ஒளித்து வைப்பதற்குள் பர்வேஸ் பின்னால் வந்து நின்றிருந்தார்.

“சார், உங்கமேல எனக்கு சந்தேகம் இல்ல,” என்றார் பர்வேஸ். சந்தேகப்படுகிறவர்கள் பேசும் அதே மெல்லிய குரல். “ஆனா ராகவன் சாரைத் திரும்பக் கூப்பிட்டிருக்கேன். கேளம்பாக்கத்துல சும்மாதான் இருக்காராம். இரட்டைச் சம்பளம் பேசிட்டேன்.”

“அப்ப நான்?”

“உங்க பேர் கெடாம நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்கன்னா நல்லது.”

ஆரோன் எழுதிக் கொடுத்தார். மூன்று வருடம் ஒரு ரூபாய் தப்பில்லாமல் கணக்குப் பார்த்தவருக்கு, நான்கு வரிக் கடிதத்தில் இரண்டு எழுத்துப் பிழை. பர்வேஸ் அதை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பேங்குக்குக் கிளம்பிப் போனார்.

ஆரோன் மேஜை இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தபோது தனம் டீ கொண்டுவந்து வைத்தாள். பதினைந்து வருடமாக அந்த ஆபீஸைப் பெருக்கி, டீ போட்டுக் கொடுப்பவள்.

“ராகவன் சார் வராராமே. நல்ல மனுசன் சார்.”

ஆரோன் டீயைக் கையில் எடுத்தார். “எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் புரியல தனம். அதே மெஷின், அதே ரப்பர். அந்த மனுஷன் எப்படித்தான் மாசா மாசம் அவ்வளவு லாபம் காட்டினாரு?”

“அதுல இன்னா சார் கீது? பெரியவரு கொறஞ்ச நம்பரப் பாத்தா பேஜார் பண்ணுவாருன்னு, மாசக் கடேசில என்னியக் கூப்ட்டு, ‘தனம், போன மாசம் ரெண்டு முப்பது போட்டேன், இந்த மாசம் இன்னா போடலாம்’னு கேட்டுகினுதான் எழுதுவாரு.”