ஒரு வாளி செல்

தெரியாத விஷயங்களால் எனக்குப் பெரிய சேதம் எதுவும் வந்ததில்லை. தெரியாததைக் கண்டால் ஒதுங்கி நிற்கிற ஆள் நான். என்னை அழித்ததெல்லாம் அரைகுறையாகத் தெரிந்தவைதான். அதிலும் ஐஸைப் பற்றி எனக்குத் தெரிந்த அரைகுறை ஒரு சர்வதேசப் போட்டியின் காலையைத் தின்று, இரண்டு பேருடைய வேலையைத் தின்று, பிறகும் பசி அடங்காமல் கிடந்தது.

கல்கரியில் குளிர்கால ஒலிம்பிக் நடந்த வருடம் அது. கனடா முழுவதும் பனிக்கட்டியின் மேல் ஏறி நின்றது. மொன்ட்ரியாலில் பால் வாங்கப் போனாலும் கல்லாவுக்கு மேலே ஒரு டிவி. அதில் யாராவது சறுக்கினார்கள், சுழன்றார்கள், விழுந்தார்கள், கொடியைப் போர்த்திக்கொண்டு அழுதார்கள். வெளியே தெருவில் நாங்களும் அதையேதான் செய்துகொண்டிருந்தோம். கொடி மட்டும் இல்லை.

அங்கே வில்லரேப் பகுதியில் ஒரு நிலக்கீழ் அறையில் இருந்தேன். ஜன்னல் நடைபாதை உயரத்தில் இருந்ததால் அந்த நகரத்தை நான் முதலில் சப்பாத்துகளாகத்தான் அறிந்தேன். அறை என்னுடையதல்ல, நேசண்ணையுடையது. நேசண்ணை எனக்குச் சொந்தமில்லை; ஒரே ஊர், பருத்தித்துறைப் பக்கம். எனக்கு முன்னரே வந்து, அகதி என்று ஏற்றுக்கொள்ளப்பட்டு, ஒரு ஐஸ் அரங்கில் துப்புரவு வேலை செய்தார். ஊரில் அவருடைய மனைவி புஷ்பம் அக்காவும் துளசி என்ற சின்ன மகளும் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிட நிரந்தர வேலை காட்டவேண்டும். அண்ணையுடையதோ நாளைக்கு உண்டோ இல்லையோ என்கிற வேலை.

அக்காவின் கடிதங்களில் எப்போதும் இரண்டே செய்திகள். பிள்ளைக்குச் சுகம். இந்தக் கிழமை செல் இல்லை. (செல் என்றால் எங்கள் ஊரில் பீரங்கிக் குண்டு. ‘ஷெல்’ என்று ஒழுங்காக உச்சரிக்கிற அளவுக்கு அது யாருக்கும் அவகாசம் கொடுத்ததில்லை.) இரண்டாவது செய்தி இல்லாமல் கடிதம் வந்தால் அண்ணை அன்றைக்குச் சமைக்கமாட்டார்.

அந்த வருடக் கடைசியில் எங்கள் அரங்குக்கு ஒரு சர்வதேசச் சறுக்கல் போட்டி வந்தது. ஒலிம்பிக்குக்குப் போகும் வயதை எட்டாத பிள்ளைகள், பல நாடுகளிலிருந்து. அரங்கின் பொறுப்பாளர் பெயர் கஸ்தோன்; நேசண்ணை அவரைக் கஸ்தூரியார் ஆக்கிவைத்திருந்தார். போட்டி ஒழுங்காக முடிந்தால் ஐஸ் வண்டி ஓட்டும் நிரந்தர வேலை உனக்கு என்று கஸ்தூரியார் அண்ணையிடம் சொல்லியிருந்தார். ஐஸ் வண்டி என்பது தளத்தைச் சுரண்டி, சுடுதண்ணீர் விட்டு, கண்ணாடியாக்கிக்கொண்டு போகும் பெரிய இயந்திரம். தண்ணீர் குடித்துக் குடித்து மெதுவாக நடப்பதால் நாங்கள் அதை ஆனை என்போம். அந்த ஆனையின் முதுகில் அண்ணை தன் மனைவியையும் மகளையும் ஏற்கெனவே ஏற்றிவிட்டிருந்தார்.

போட்டிக் கிழமைக்கு இன்னொரு ஆள் தேவைப்பட்டது. அண்ணை என்னைக் கேட்டார்.

“டேய், உனக்கு ஐஸ் தெரியும்தானே?”

“நான் ஐஸுக்கை வளந்தனான் அண்ணை.”

ஊரில் மீனுக்கும் இறாலுக்கும் ஐஸ் செய்யும் கொம்பனியில் நான் ஏழு வருடம் இருந்தது உண்மை. ஆனால் என் வேலை வாசல் படலையடியில் இருந்து, எத்தனை கட்டி வெளியே போகிறது என்று துண்டுச்சீட்டு எழுதுவது. ஐஸை நான் ஜன்னலால் பார்த்திருக்கிறேன். அண்ணை இதைப் பிரெஞ்சில் கஸ்தூரியாருக்கு எடுத்துச் சொன்னபோது, கடற்கரையில் துண்டு எழுதிய நான் பனிக்கட்டி நிபுணனாக வெளியே வந்தேன். அந்தப் பட்டத்தை நானும் மறுக்கவில்லை. வந்த நாள் தொடக்கம் யாரும் என்னை எதுவும் ஆக்கியிருக்கவில்லை.

முதல் நாள் தளத்தில் கால் வைத்தேன். மல்லாந்து கிடந்தபடி கூரையில் தொங்கிய நாடுகளின் கொடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மேலேயிருந்து நேசண்ணையின் முகம் எட்டிப் பார்த்தது. “ஐஸுக்கை வளந்தவர் கொஞ்சம் எழும்பினால் நல்லது” என்றார்.

பிள்ளைகள் பயிற்சிக்கு வந்தார்கள். மினுக்க உடுப்பு, முழங்காலில் நீலக் காயம், பசித்த முகம். விழுந்தார்கள், எழும்பினார்கள், விழுந்த இடத்தைத் திரும்பியும் பார்க்காமல் போனார்கள். வேலியில் சாய்ந்துகொண்டு அதைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது. விழுவதற்காகவே அவர்களை விமானம் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். நாங்கள் வேறொரு இடத்தில் விழுந்து, விழுந்த நிலையிலேயே விமானம் ஏறியவர்கள்.

போட்டிக் காலை. அண்ணை என் கையில் ஒரு வாளி உப்பைத் தந்து, வெளிப் படிகளில் தூவிவிட்டுச் சும்மா நிற்கச் சொன்னார். ‘சும்மா’வை இரண்டு தரம் சொன்னார். தூவினேன். அரை வாளி மிஞ்சியது. மிஞ்சியதோடு உள்ளே வந்தபோதுதான் கண்டேன்: போட்டியாளர்கள் தளத்துக்குள் இறங்கும் சின்னக் கதவடியில் ஐஸ் இளகி, ஒரு தட்டளவுக்குத் தண்ணீர் கட்டி நின்றது.

நிபுணன் விழித்துக்கொண்டான்.

ஊரில் ஐஸ் எப்படி உறைகிறது? உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் தகரப் பெட்டிகளை இறக்கி. மீன்பெட்டியில் என்ன போடுவோம்? ஐஸுக்கு மேலே ஒரு கை உப்பு. போட்டால் விரலைக் கடிக்கிற குளிர் வரும். இதெல்லாம் நான் ஜன்னலால் கண்ட விஞ்ஞானம். ஒரு கை போட்டேன். ஐஸ் இன்னும் இளகியது. உப்புக் காணாது என்று விளங்கியது. இன்னும் இரண்டு கை. விரல் வைத்துப் பார்த்தேன், கடித்தது. என் விஞ்ஞானம் பிழையாகவில்லை. மகிழ்ச்சியில் வாளியைக் கவிழ்த்துத் தட்டிவிட்டேன். (குளிர் கூடியது உண்மை. ஐஸ் கரைந்ததும் உண்மை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம் என்பதைக் கொம்பனி ஜன்னல் எனக்குக் காட்டியிருக்கவில்லை.)

அப்போது ஆனை வெளிக்கிட்டது. கஸ்தூரியார் முதன்முறையாக அண்ணையை ஓட்ட விட்டிருந்தார், நடுவர்கள் எல்லாரும் பார்க்க. சவரம் செய்து, தலை வாரி, கம்பீரமாக உட்கார்ந்திருந்தார் அண்ணை. கதவடிக்கு வந்து, என் விஞ்ஞானத்தை அப்படியே அள்ளி, தளத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் நீளமாகப் பூசிக்கொண்டு போனார். போகும்போது என்னைப் பார்த்து லேசாகத் தலை அசைத்தார். அந்தத் தலையசைப்பை இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை.

ஆனை வேலிக்கு அப்பால் போய் நின்றது; அண்ணை அதன் முதுகிலிருந்தே போட்டியைப் பார்க்கத் தயாரானார். முதலாவது போட்டியாளன் ஒரு மெலிந்த பொடியன். எந்த நாடென்று தெரியாது. இசை தொடங்கியது, வயலின். கதவால் அழகாக இறங்கினான், கையை விரித்தான், உப்புக் கஞ்சிக்குள் குந்தினான். அடிபடவில்லை, எழும்ப மட்டும் முடியவில்லை. வயலின் தன்பாட்டில் அழுதுகொண்டிருந்தது.

கஸ்தூரியார் ஓடிவந்தார். குனிந்தார். விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் சிவந்தது. அரங்கம் முழுக்க எதிரொலிக்க ஒரே ஒரு சொல்லைக் கத்தினார்.

“செல்! செல்!”

அதற்குப் பிறகு நடந்தவற்றை என் உடம்புதான் செய்தது, என்னைக் கேட்கவில்லை. குப்புற விழுந்தேன். கன்னம் ஐஸில், கை இரண்டும் பிடரியில், வாய் சற்றுத் திறந்தபடி. (வாயைத் திறந்து வைத்திருந்தால் காது வெடிக்காது என்று ஊரில் சொல்வார்கள்.) ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கிவிட்டேன். எதுவும் வெடிக்கவில்லை. வயலின் மட்டும் கேட்டது. தலையைத் திருப்பிப் பார்த்தேன். ஆனையின் முதுகில் நேசண்ணையைக் காணவில்லை. ஆசனத்துக்குக் கீழே மடங்கி, வாரிய தலையைத் திசைமாற்றிச் சக்கரத்துக்குள் செருகிக்கொண்டு கிடந்தார்.

அரங்கில் முதலில் ஒரு பிள்ளை சிரித்தது. பிறகு எல்லாரும்.

பிரெஞ்சில் உப்புக்கு செல் என்று பெயர். வந்து இவ்வளவு நாளாகியும் எனக்கு அது தெரியாது. அண்ணைக்குத் தெரியும். கடையில் நூறு தரம் கேட்டு வாங்கியிருக்கிறார். ஆனால் யாரும் அதைக் கத்திச் சொன்னதில்லை.

அண்ணை இறங்கி வந்தார். கலைந்த தலையைக் கையால் படியவைத்தார். யார் போட்டது, ஏன் போட்டது என்று கஸ்தூரியார் கேட்டார். அண்ணை நிதானமாக ஏதோ சொன்னார். அதில் ‘பேர்’ என்ற சொல் எனக்கு விளங்கியது. பயம் என்று அர்த்தம், எங்கள் அகதி விசாரணை அறைகளில் அடிக்கடி அடிபட்ட சொல். பிள்ளைகள் வழுக்கி விழுந்துவிடுவார்கள் என்று பயந்து போட்டுவிட்டான், பாவம், புதுசு என்று எனக்காகக் கதைக்கிறார் என்று ஊகித்தேன். கஸ்தூரியாரின் முகம் கொஞ்சம் இளகிற்று. உப்புப் போட்ட ஐஸ் மாதிரி.

அங்கேயே விட்டிருக்கலாம். அரங்கம் முழுக்கச் சிரித்த பிறகு, பயந்தவன் என்றும் சொன்னால் ஒரு நிபுணன் எப்படிப் பொறுப்பான்? நெஞ்சை நிமிர்த்தினேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தையும் பிரெஞ்சையும் ஒன்றாகக் குழைத்து, “நோ பேர். சயன்ஸ். ஐ ஆம் ஐஸ் எக்ஸ்பேர்ட்” என்றேன்.

கஸ்தூரியார் என்னைப் பார்க்கவில்லை. அண்ணையைத்தான் பார்த்தார். இவனை நிபுணன் என்று கொண்டுவந்தது நீதானே என்று மட்டும் கேட்டார், கத்தாமல். அந்தக் குரலுக்குக் குனிந்து ஒளிய எங்களுக்கு இடம் இருக்கவில்லை.

போட்டி பின்னேரத்துக்குப் போனது. வேலை பறிபோய் நாங்கள் மத்தியானமே போய்விட்டோம். வில்லரேயில் பஸ்ஸால் இறங்கும்போது அண்ணை, “படியிலை போட்ட உப்பு நல்லாய்த்தான் வேலை செய்தது” என்றார். அடித்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

அதன் பிறகு அண்ணை டோர்வல் விமான நிலையத்தில் சூட்கேஸ் ஏற்றினார். நிரந்தரமாக அல்ல. பிறகு வேறோரிடம், பிறகு இன்னோரிடம். ஒரு நிரந்தர வேலை கையில் வந்து, அவர் மனைவி பிள்ளையைக் கூப்பிடத் தொடங்கியபோது, ஊரில் யுத்தம் திரும்பவும் தொடங்கிவிட்டது. கடிதங்களில் இரண்டாவது செய்தி நின்றது. பிறகு கடிதமே நின்றது. அந்த மாதங்களில் நான் கறிக்கு உப்புப் போடவில்லை. அண்ணையும் கேட்கவில்லை, இருவரும் உப்பில்லாமல் தின்றோம்.

கடைசியில் வந்தார்கள். புஷ்பம் அக்கா மெலிந்திருந்தார், துளசி வளர்ந்திருந்தாள். அண்ணை எல்லாவற்றையும் சொல்லியிருக்கவேண்டும். முதல் நாள் சாப்பாட்டில் அக்கா என்னை நீண்ட நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“உன்ரை செல்லாலை நாங்கள் அவங்கடை செல்லுக்கை ஒரு வருசம் கூடுதலாய் இருந்தனாங்கள், தம்பி.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிக்கிறார் என்று நிச்சயமான பிறகுதான் நாங்கள் சிரித்தோம்.

அன்று தொடங்கிய பகிடி இன்னும் ஓயவில்லை. அந்த வீட்டில் உப்புப் போத்தலை என் கைக்கு எட்டும் தூரத்தில் வைக்கமாட்டார்கள். துளசிக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். தமிழ் விளங்கும், கதைப்பது பிரெஞ்சில். அவர்களுக்கு விருப்பமான விளையாட்டு, எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது திடீரென்று “செல்!” என்று கத்துவது. உடனே நேசண்ணை தொப்பென்று மேசைக்குக் கீழே மறையவேண்டும். மறைவார். பிள்ளைகள் கைதட்டிச் சிரிப்பார்கள். அக்காவும் சிரிப்பார். நானும்தான்.

விளையாட்டு அவ்வளவுதான். ஆனால் அண்ணை மேலே வர எப்போதும் கொஞ்சம் நேரமெடுக்கும். சின்னவள் குனிந்து பார்த்து, “தாத்தா, முடிஞ்சுது” என்று தமிழில் சொன்ன பிறகுதான் வருவார்.