ஹாரனுக்கு அடியில் வசந்தாவின் குரல்

தனியாக வாழ்கிறவனுக்குக் காது கூர்மையாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். என் அனுபவம் நேர்மாறு. பேச ஆளில்லாதவன் தனக்கு வேண்டிய ஒரே ஒரு குரலைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் செவிடாகிவிடுகிறான். (நான் ஆகியிருக்கிறேன். சாட்சிக்கு ஒரு டவுன் பஸ் நிறைய ஆட்கள் இருந்தார்கள்.)

எண்பதுகளின் நடுவில் நடந்தது. கல்யாணமான சில மாதங்களில் என் மனைவி வசந்தா நர்ஸ் வேலைக்குக் குவைத் போய்விட்டாள். நான் திருச்சி கன்டோன்மென்ட் பக்கம் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதிக்கொண்டு, ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் ஒரு மாடி அறையில் குடியிருந்தேன். நான் ஒழுங்கானவன். சட்டைகள் நிற வரிசைப்படி தொங்கும். ஒரு தட்டு, ஒரு டம்ளர். இரண்டையும் கழுவி அதனதன் இடத்தில் கவிழ்த்துவிட்டால் அன்றைய குடும்ப நிர்வாகம் முடிந்தது.

வசந்தாவுக்குக் கடிதம் எழுத வராது. கேசட்டில் பேசி அனுப்புவாள். அவளோடு வேலை பார்த்தவர்களில் எடமலைப்பட்டி புதூர்க்காரர் யாராவது லீவில் வரும்போது கொண்டுவந்து கொடுப்பார். கேசட்டின் முதல் பக்கம் அவளுக்கு, இரண்டாம் பக்கம் எனக்கு. (இந்த ஏற்பாடு என் உபயம் என்று சொல்லத் தேவையில்லை.) நான் பதில் பேசித் திருப்பி அனுப்புவேன். பழைய பேச்சின் மேலேயே அவள் அடுத்ததைப் பதிவுசெய்வாள். இப்படியே ஒரே கேசட் கடல் தாண்டிப் போய்வந்துகொண்டிருந்தது.

அவள் பேசுவதில் ஒரு விசேஷம் உண்டு. கேள்வி கேட்டுவிட்டு, நான் எதிரில் உட்கார்ந்திருப்பதுபோல் கொஞ்சம் நிறுத்துவாள்.

“சாப்பிட்டீங்களா?”

இடைவெளி.

“என்ன குழம்பு?”

இடைவெளி.

நாடா சும்மா ஓடும் அந்த இடத்தில் அவளுடைய ஃபேன் சத்தம் கேட்கும். முதலில் பேசாமல்தான் இருந்தேன். பிறகு ஒருநாள், “ரசம்தான்” என்று என்னை அறியாமல் சொல்லிவிட்டேன். சொல்லி முடிக்கவும் அவள், “அது போதுமா ஒடம்புக்கு?” என்று கேட்கவும் சரியாக இருந்தது. அதற்குப் பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை. ஒரே கேசட்டைத் தினமும் போட்டு, தினமும் பதில் சொன்னேன். குழம்பை மட்டும் அன்றன்றைக்கு மாற்றிக்கொள்வேன்.

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற வாத்தியார், ஆசாரசீலர். ஒரு சாயங்காலம் படிக்கட்டில் மறித்தார்.

“ஏன் சார், மாடியில ஸ்திரீ குரல் கேக்கறதே. யாரு?”

“என் சம்சாரம்தாங்க மாமா. கேசட்ல.”

அவர் நம்பவில்லை. அடுத்த பதிலில் விஷயத்தைச் சொன்னேன். வசந்தா ஒரு வாக்மேன் வாங்கி அனுப்பினாள். பதிவும் செய்யக்கூடிய மாடல். சட்டைப்பையில் அடங்கும். தலைக்கு மேல் ஒரு கம்பி, இரண்டு காதிலும் ஆரஞ்சு நிறப் பஞ்சு. இனி பிரச்சினை இல்லை என்று நினைத்தேன். மாமா மறுபடியும் மறித்தார்.

“முன்னெல்லாம் ரெண்டு பேர் பேசிண்டிருந்தேள். இப்போ நீங்க மட்டும் பேசறேள். முன்னது தேவலை சார்.”

ஆக, வாய்விட்டுப் பதில் சொல்ல ஸ்ரீரங்கத்தில் எனக்கு இடமில்லை. அலுவலகத்திலும் முடியாது. யோசித்துப் பார்த்ததில், திருச்சியில் நான் சத்தமாகப் பேசினாலும் யாருக்கும் கேட்காத ஒரே இடம் என் மொபெட்டின் சீட்டுதான் என்று தெரிந்தது. அது போடும் இரைச்சலில் பட்டிமன்றமே நடத்தலாம். (நான் பேசுவது பிறருக்குக் கேட்காது என்று கணக்குப் போட்டவன், பிறர் பேசுவது எனக்குக் கேட்காது என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை. பிழைப்பு, கணக்கு எழுதுவது.)

அடுத்த முறை அவளுடைய புதுப் பேச்சோடு கேசட் வந்தது. அறையில் கேட்காமல், காலையில் காதில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். மாம்பழச்சாலையில் அவள் நலம் விசாரித்தாள். காவேரிப் பாலத்தில் ஏறும்போது, “எங்க இருக்கீங்க இப்ப?” என்றாள். “பாலத்துல” என்றேன். ஆற்றில் தண்ணீர் போகிறதா என்று கேட்டாள். வேகத்தைக் குறைத்து, எட்டிப் பார்த்துச் சொன்னேன். பிறகு குரல் மாறியது.

“என்னங்க, காண்ட்ராக்ட் முடியுது. இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்றாங்க. நான் என்ன பண்ணட்டும்?”

இடைவெளி.

இந்த மாதிரிக் கேள்விக்கு நான் வழக்கமாகச் சொல்லும் பதில், “உன் இஷ்டம்.” பண்பான பதில் என்று அதில் எனக்குப் பெருமையும் உண்டு. அன்று அது வாயில் வரவில்லை. நாடாவை நிறுத்தலாம் என்று ஒரு கையைச் சட்டைப்பைக்குள் விட்டு, தடவி, ஒரு பொத்தானை அழுத்தினேன். பாலம் முடிந்திருந்தது. நான் வழக்கமாக வலது பக்கம் திரும்பும் இடம். கை காட்டாமல், பின்னால் பார்க்காமல் திரும்பினேன்.

பிரேக் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. ஒரு பெரிய நிழல் மேலே விழுந்தது. எதிரே வாழை இலைக் கட்டுகளோடு நின்ற தள்ளுவண்டியில் மோதி, இலைகளின் மேல் மல்லாந்து விழுந்தேன். கண் திறந்தபோது பஸ்ஸின் முன்சக்கரம் என் தலைக்குப் பக்கத்தில் நின்றது. டயரின் சூடு கன்னத்தில் பட்டது. எண்ணெய் வாடை அடித்தது. அப்போதும் ஓசையே இல்லை. ஆரஞ்சுப் பஞ்சு இன்னும் காதிலேயே இருந்தது.

டிரைவர் இறங்கி வந்தார். வாய் அசைந்தது. போலீஸ்காரர் ஒருவர் ஓடிவந்தார். அவருடைய வாயும் அசைந்தது. அவர் இன்னும் பெரிதாக வாயைத் திறந்தபோதுதான் எனக்குக் கேட்டது.

“கழட்டுய்யா அத!”

கழற்றினேன். திருச்சி மொத்தமும் ஒரேயடியாகக் காதுக்குள் வந்தது.

“பாலம் ஆரம்பிச்சதுலேர்ந்து ஹாரன் அடிச்சுக்கிட்டு வரேங்க,” என்றார் டிரைவர். “காது கேக்காத மனுஷன்போல, பாவம்னுதான் மெதுவா உருட்டிக்கிட்டு வந்தேன். வேகமா வந்திருந்தா என்ன ஆயிருக்கும், சொல்லுங்க? எனக்கும் பிள்ளகுட்டி இருக்குங்க.”

பஸ்ஸுக்குள்ளிருந்து ஓர் அம்மாள் எட்டிப் பார்த்தார். “ஐயோ, முழங்கைல ரத்தம் வருது. வழியெல்லாம் தானாப் பேசிக்கிட்டே வந்தாருங்க. நான் ஏதோ ஸ்லோகம்னு நெனச்சேன்.”

போலீஸ்காரருக்கு வேறு கவலை.

“ரேடியோவா? லைசென்ஸ் இருக்கா?” (அந்தக் காலத்தில் ரேடியோவுக்கு லைசென்ஸ் கேட்கும் வழக்கம் முழுசாக மறக்கவில்லை.)

“ரேடியோ இல்லீங்க சார். டேப்பு.”

“குடிச்சிருக்கியா?”

“இல்லீங்க.”

“வேகமாவும் வரல. காதுல மாட்டிக்கிட்டு ஓட்டுனதுக்கு என்ன கேசுய்யா எழுதறது? கொண்டா, நீ என்னதான் கேட்டேன்னு பாப்போம்.”

நிறுத்தி, முதலிலிருந்து சுற்றிக் கொடுத்தேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கம்பியைத் தலையில் மாட்டிக்கொண்டார். முகம் மெல்ல மாறியது. சுற்றியிருந்த கூட்டம் அவரையே பார்த்தது. திடீரென்று, காது அடைத்தவர்கள் பேசும் உரத்த குரலில் அவர் சொன்னார்:

“சாப்பிட்டேம்மா!”

கூட்டம் சிரித்த சிரிப்பு அவருக்குக் கேட்கவில்லை என்பதுதான் அதில் பெரிய விஷயம். இன்னும் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு கழற்றி என் கையில் வைத்து, முகத்தைப் பார்க்காமல், “கை காட்டாமத் திரும்பினதுக்கு மட்டும் எழுதிக்கிறேன்,” என்றார். “வூட்ல உக்காந்து கேளுய்யா. ரோட்டுல அந்தம்மா கூட வந்து நிக்கமாட்டாங்க.”

அன்றைய டைரியில், “பாலத்தருகே சிறு தாமதம்” என்று எழுதியிருக்கிறேன்.

அறைக்கு வந்து முழங்கைக்கு மருந்து போட்டுக்கொண்டு, மீதியைக் கேட்க உட்கார்ந்தேன். “நான் என்ன பண்ணட்டும்?” என்றாள் வசந்தா. இடைவெளி. அடுத்து ஒரு ‘டக்’. அதற்கு மேல் அவள் இல்லை. நிறுத்தும் பொத்தான் என்று நான் அழுத்தியது சிவப்புப் பொத்தான். அவளை அழித்துவிட்டு நான் பேசியிருந்தேன். மொபெட் இரைச்சலுக்கு நடுவே, எனக்கே அடையாளம் தெரியாத குரல்: “வந்துடு வசந்தா. என்னால முடியல. தனியா உக்காந்து சாப்பிட முடியல.” தொடர்ந்து நீளமாக ஹாரன். மோதல். டிரைவர். “கழட்டுய்யா அத!” லைசென்ஸ். குடிச்சிருக்கியா. அவள் பேசிய மீதி முழுவதும் அதற்குள் அழிந்திருந்தது.

அவள் அந்த இடத்தில் என்ன சொல்லியிருந்தாள் என்று தெரிந்துகொள்ள வழியில்லை. போகிறேன் என்றிருக்கலாம், வரேன் என்றிருக்கலாம். கீழே மாமா வீட்டில் எல்லோரும் சாப்பிடும் ஓசை. என் டம்ளர் கவிழ்ந்தே இருந்தது. அவ்வளவு காலியான சாயங்காலம் எனக்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

அந்தக் கூச்சலை அழித்துவிடலாம் என்று சிவப்புப் பொத்தான்மேல் விரலை வைத்தேன். அவள் குரலில் இன்னும் கொஞ்சம் போய்விடுமோ என்று பயம். விட்டுவிட்டேன். ஒழுங்காக இரண்டாம் பக்கத்தைப் போட்டு, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, “காண்ட்ராக்ட் விஷயம் உன் இஷ்டம். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை” என்று பதிவுசெய்து அனுப்பினேன்.

பதில் கேசட் வரவில்லை. ஒரு மத்தியானம் வசந்தாவே பெட்டிகளோடு வந்து இறங்கினாள். முதல் கேள்வி, “முழங்கை எப்படி இருக்கு?”

“ரெண்டாம் பக்கம் கேட்டியா?” என்றேன்.

“அதை எதுக்குக் கேக்கணும்? மொதப் பக்கத்தை ஹாஸ்டல்ல எல்லாரும் கேட்டோம். அந்த போலீஸ்காரரை அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு.”

இப்போது காதில் ஏதாவது மாட்டிக்கொண்டு ஓட்டினால் போலீஸில் பிடிக்கிறார்கள். ஆனாலும் எங்கள் மகள் செல்போன் ஒயரைக் காதில் செருகிக்கொண்டுதான் ஸ்கூட்டியை வெளியே தள்ளுவாள். உள்ளேயிருந்து வசந்தா குரல் கொடுப்பாள்: “கழட்டுய்யா அத!” நான் டி.வி. முன்னால் உட்கார்ந்து கூப்பிட்டது கேட்காதபோது, அதே வாக்கியத்தை மகள் எனக்குச் சொல்வாள். உறவில் கல்யாணம் என்று நாலு பேர் கூடினால், மொபெட் முதல் லைசென்ஸ் வரை நடித்தே காட்டுவார்கள்.

அழிந்த இடத்தில் என்ன சொல்லியிருந்தாள் என்று வசந்தாவை எத்தனையோ முறை கேட்டுவிட்டேன்.

“ஹாரனுக்கு அடியிலதான் இருக்கு. நல்லாக் கேளுங்க,” என்பாள்.

வீட்டில் யாரும் இல்லாத நாட்களில் அந்தக் கேசட்டைப் போட்டுக் கேட்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்துதான்.