எல்லாரும் தலையைக் குனியுங்கள்

"ரிமோட்ட எல்லாம் எடைக்குப் போட்டுட்டீங்களா?" என்று மனைவி கேட்டபோது, கணக்கர் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பழைய இரும்போட சேர்த்துப் போட்டாச்சு. டி.வி., ஏ.சி. ரெண்டையும் நடத்த கம்ப்யூட்டருக்குக் கத்துக்குடுத்துட்டேன். இனிமே அந்தப் பிளாஸ்டிக் கட்டைங்க எதுக்கு?"

இருந்த இடத்திலிருந்தே இயக்குவதற்கென்று உண்டான கருவியை ஒழித்துவிட்டு, அதே வேலைக்காக எழுந்து நடந்து கணினியின் முன் அமர்வதை அவர் முன்னேற்றம் என்றே கருதினார். கணினியின் உச்சியில், அகச்சிவப்புக் கதிரை உமிழும் சிறு விளக்கு ஒன்று ஒட்டப்பட்டிருந்தது.

மனைவியின் கவலை வேறு. வினாடி வினாப் போட்டியில் அவள் முதற்பரிசு பெற்ற நிகழ்ச்சி ஏழு மணிக்கு ஒளிபரப்பாக இருந்தது. அதற்காகவே வந்திருந்த தாயும் தம்பியும் கூடத்தில், தொலைக்காட்சிக்கும் கணினிக்கும் நடுவே அமர்ந்திருந்தனர்.

"எதிர்வீட்டுக்காரி என்ன சொன்னா தெரியுமா? கைதட்டுற கூட்டத்துல என்னையும் உட்கார வெச்சிருப்பாங்களாம். நம்மளப் பாத்து அச்சு அசலா இதே டி.வி.ய வாங்கி, தெருவுல போறவங்களுக்குத் தெரியணும்னு ஜன்னலப் பாத்து மாட்டினவ, அவ பேசுறா."

"இன்னிக்குப் பாத்துத் தெரிஞ்சுக்கட்டுமே" என்றான் தம்பி.

"எங்க பாக்கப்போறா? 'எனக்கு வேற வேலை இருக்கு'ன்னுட்டா. அதான்டா வயித்தெரிச்சல்."

ஏழு மணிக்குச் சற்று முன்னர்க் கணக்கர் விசையைத் தட்டினார். தொலைக்காட்சி விழிக்கவில்லை. மாமியாரின் கொண்டை கதிரை மறித்துக்கொண்டிருந்தது.

"அத்தை, கொஞ்சம் தலையக் குனிங்க."

குனிந்தார். திரை ஒளிர்ந்தது. அதில் யாரோ ஒருவர் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். அலைவரிசையை மாற்றுவதற்குள், என்ன மீன் என்று பார்க்க மாமியார் நிமிர்ந்துவிட்டார்.

"குனிஞ்சா படம் தெரியல, நிமிர்ந்தா படம் மாறல. நான் என்னதான் பண்ணட்டும் மாப்பிள்ளை?"

கணக்கர் விளக்கைப் பிரித்தெடுத்து அலமாரியின் உச்சியில் ஒட்டினார். அவசரத்தில் விரல் பிசகியது. கதிருக்கு நேராக இருந்த ஏ.சி. மிகுந்த பணிவோடு குளிரின் எல்லைக்கே சென்றது. மாமியார் மேசை விரிப்பை உருவிப் போர்த்திக்கொண்டார். ஏ.சி.யை அடக்கப் போய்த் தொலைக்காட்சி அணைந்தது.

"டி.வி.யிலயே பொத்தான் இருக்குமே" என்றார் மாமியார்.

"இருக்கு அத்தை, பின்னாடி. சுவரோட ஒட்டி மாட்டியாச்சு."

மணி ஏழு. தம்பி நாற்காலியில் ஏறி, விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டான். 'விழி, அலைவரிசையைப் பிடி, ஒலியைக் கூட்டு' என்னும் மூன்றையும் ஒரே கட்டளையாகக் கோத்துக் கணக்கர் தட்டினார்.

"நேராப் பிடிடா."

"குளிர்ல கை நடுங்குது மச்சான்."

விளக்கு அந்தத் தொலைக்காட்சியைத் தவிர எல்லாத் திசைகளையும் பார்த்தது. கணக்கர் மீண்டும் தட்டினார். சற்றுப் பொறுத்து மீண்டும் தட்டினார். திறந்திருந்த சன்னல் வழியே குளிர் வெளியேறிக்கொண்டிருந்ததே தவிர, திரையில் ஒரு புள்ளியும் தோன்றவில்லை.

மனைவி கடிகாரத்தையும் கணவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கணக்கரை அச்சுறுத்தியது அதுதான்.

"மறுபடியும் போடுவாங்க, இல்ல?" என்று மெல்லக் கேட்டார்.

"போடுவாங்க. உங்களயும் எடைக்குப் போடுவாங்க, போய் நில்லுங்க."

நிகழ்ச்சி முடியும் நேரம். கதவு தட்டப்பட்டது. வாசலில் எதிர்வீட்டுக்காரி, கலைந்த தலையோடு நின்றாள்.

"கேலி பண்ண வந்தீங்களா?" என்றாள் மனைவி.

"நான் டி.வி.யே போடல அக்கா, அது தானா முழிச்சு அலறுது, அணைக்க அணைக்க நீங்களே வந்து வந்து பதில் சொல்றீங்க. ஒத்துக்கறேன், முதல் பரிசு உங்களுக்குத்தான், தயவுசெஞ்சு எங்க வீட்ட விட்டுப் போயிடுங்க."