மரத்து மேலே ஒரு தனபால், பாறை மேலே ஒரு தனபால்

"இனிமேல் செத்தாலும் மாத்தாளுக்குப் போறதில்லை!"

திங்கட்கிழமை காலையில், பல்கூட விளக்காமல், தனபால் இந்தப் பிரகடனத்தை வெளியிட்டான். கேட்டது இரண்டே பேர். ஒன்று அவன் மனைவி கோகிலா. இன்னொன்று வாசலில் கட்டியிருந்த வெள்ளாடு. ஆடாவது ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தது.

மாத்தாள் என்றால் தேவனூர் நாட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கூலிக்கு ஆள் கிடைக்காத மலையில் வேறு என்ன செய்வது? இன்றைக்கு உங்கள் ஊட்டு ஆள் எங்கள் காட்டுக்கு வந்து மிளகு பறித்தால், நாளைக்கு எங்கள் ஊட்டு ஆள் உங்கள் காட்டுக்கு வந்து பறிக்க வேண்டும். தலைக்குத் தலை, நாளுக்கு நாள். எழுத்து கிடையாது, கையெழுத்து கிடையாது, வெறும் ஒப்புதல்தான். ஒத்துக்கொண்டு போகாதவன் ஊடு தீப்பிடித்தால்கூட அப்புறம் எவனும் ஒரு குடம் தண்ணி கொண்டு வர மாட்டான்.

கோகிலாவுக்கு இப்போது பத்து ஆள் வேண்டும். காட்டில் நாற்பது சில்வர் ஓக் மரம். ஒவ்வொன்றிலும் மிளகுக்கொடி உச்சி வரைக்கும் ஏறிக் கிடக்கிறது. கொத்துக்கு ஒன்றிரண்டு மணி சிவக்க ஆரம்பித்துவிட்டது. இன்னும் பத்து நாள் விட்டால் பாதி மண்ணில் உதிரும், மீதியைக் குருவி பார்த்துக்கொள்ளும். பத்துப் பேர் ஒரே ஒரு நாள் வந்தால் வேலை முடிந்தது. ஆனால் பதிலுக்குத் தனபால் பத்து நாள், பத்துக் காட்டில் மரம் ஏற வேண்டும்.

அங்கேதான் சிக்கல். தனபாலுக்கு நேரமில்லை. அவன் படித்துக்கொண்டிருந்தான்.

போனில்தான். ஊட்டுக்கு மேலே மேட்டில் ஒரு பாறை. அங்கே மட்டும்தான் டவர் ஒழுங்காகக் கிடைக்கும். அதில் குந்தி, போன ஆறு மாசமாக அவன் உலகத்து அறிவையெல்லாம் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தான். ஆக்டோபஸுக்கு மூன்று இருதயம் என்று தெரியும். ரேடாருக்குத் தப்பிப் பறக்கிற விமானம் தெரியும். எந்தெந்த நாட்டில் வாரத்துக்கு நாலே நாள் வேலை என்று தெரியும். ஆட்டுக்குத் தழை ஒடித்தாயிற்றா என்பது மட்டும் தெரியாது.

"ஏனுங்க, மாத்தாளுக்குப் போவாம மொளகு எப்படிங்க எறங்கும்?" என்றாள் கோகிலா.

"நானே பறிப்பேன்."

"நாப்பது மரமுமா?"

"நாப்பதும்."

"ஒண்டியாவா?"

"ஒண்டியாத்தான். அறிவியல்படி செஞ்சா ஆளே வேண்டாம் புள்ள. உனக்கு ஆக்டோபஸ் தெரியுமா?"

"அது எந்த ஊட்டு ஆளுங்க?"

"கடல்ல இருக்கற சீவன். அதுக்கு மூணு இருதயம்."

"மூணும் வேலை செய்யுதுங்களா? நீங்க ஒண்ணை வெச்சுக்கிட்டே இந்தப் பாடு படறீங்களே!"

தனபால் அவளைப் பெரிய மனது பண்ணி மன்னித்தான். அறிவில்லாதவர்களோடு குடித்தனம் பண்ணும்போது அடிக்கடி மன்னிக்க வேண்டியிருக்கிறது.

"இன்னொண்ணும் கேட்டுக்க. வேலை செய்யறவனைப் பேச்சுக் குடுத்துக் கலைச்சா, மறுக்கா மனசு வேலைக்குத் திரும்ப இருவது நிமிசம் ஆகுதாம். பெரிய பெரிய ஆபீஸ்ல சோதிச்சுப் பாத்திருக்காங்க. அதனால நான் மரத்து மேல இருக்கறப்ப என்னைப் பேச வெக்காத."

"அவசரமா எதாச்சும் கேக்கோணும்னா?"

"கீழ நின்னு கேளு. தலையாட்டறேன்."

"தலையாட்டினா சரீன்னு எடுத்துக்கலாமுங்களா?"

"தாராளமா எடுத்துக்க."

"சரிங்க" என்று சொல்லிவிட்டுக் கோகிலா கஞ்சிப் போசி கழுவப் போய்விட்டாள். இவ்வளவு சுளுவாக அவள் சரி என்றது கல்யாணமாகிப் பதினாறு வருசத்தில் இதுதான் முதல் தடவை. தன் அறிவுக்குக் கிடைத்த மரியாதை என்று தனபால் நினைத்துக்கொண்டான். பாவம்.

அன்றைக்கே அவன் மரம் ஏறினான், பொய் சொல்லக் கூடாது. ஏணி என்றால் இரண்டு கால், நடுவே படி என்று கீழ்நாட்டுக்காரர்கள் நினைத்துக்கொண்டிருப்பார்கள். இங்கே ஒற்றை மூங்கில்தான். கணுவில் வெட்டாமல் விட்டிருக்கிற கட்டை விரல் நீளக் கிளைத் துண்டில் காலை வைத்து முப்பது அடி ஏற வேண்டும். ஒரு கை கொடியில், ஒரு கை கொத்தில், இடுப்பில் சாக்கு, உயிர் தொண்டையில். மத்தியானத்துக்குள் ஒரு மரம் முடிந்தது. தனபாலும் முடிந்தான். இடுப்பு தனி, தொடை தனி, தோள் தனியாகக் கழன்று, மூன்றும் ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லாமல் கிடந்தன. எட்டுக்கை அம்மனே நேரில் வந்து எட்டுக் கையாலும் பறித்தால்கூட நாற்பது மரத்துக்கு ஒரு வாரம் ஆகும், சாமிக்கும் இடுப்பு என்று ஒன்று உண்டே.

நொண்டிக்கொண்டே பாறைக்குப் போய்ப் போனைத் திறந்தான். அங்கேதான் அவனுக்கு ஞானம் பிறந்தது.

ஒரு வீடியோ. சண்டை நடக்கிற நாட்டில் மைதானம் நிறைய டாங்கி நிற்கிறது. ஒரு சிப்பாய் வருகிறான். ஒரு டாங்கியை ஒரே கையால் தூக்கித் தள்ளி வைக்கிறான். தனபால் வாயைப் பிளந்தான். பார்த்தால், அத்தனையும் காற்றடைத்த ரப்பர் பொம்மை! மேலே பறந்து வேவு பார்க்கிற எதிரி நிஜம் என்று நம்பி அதன் மேல் குண்டு போட்டு வீணாகிப் போவானாம். நிஜ டாங்கி எங்கேயோ மரத்தடியில் நிம்மதியாக நிற்குமாம்.

"அட என் சாமி!" என்று தனபால் தொடையைத் தட்டினான். தட்டின தொடை வலித்தது. வலித்தாலும் சந்தோசம்தான். நிஜ டாங்கி யார், பொம்மை டாங்கி யார், எதிரி யார் என்பதெல்லாம் அவனுக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது.

பொழுது சாய்வதற்குள் காரியம் ஆரம்பமானது. பழைய நீலச் சட்டை, காக்கி டவுசர், உள்ளே சாமை வைக்கோல். தலைக்குச் சாக்குத்துணி உருண்டை, மேலே அவனுடைய சிவப்புத் துண்டு முண்டாசு. சாதாரண ஆள் இதோடு விட்டிருப்பான். தனபால் விவரமானவன். பொம்மை டாங்கியையே சூடு பண்ணி வைத்து எதிரியின் கேமராவை ஏமாற்றுகிறார்களாம், அதையும் பார்த்திருந்தான். அப்படியே ஆணி அடித்த மாதிரி நின்றால் கோகிலா கண்டுபிடித்துவிடுவாள். ஆகவே கழுத்துக்கு மட்டும் சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றிக் கட்டினான். காற்று வந்தால் தலை முன்னும் பின்னும் ஆடும். ஊட்டு வாசலில் இருந்து பார்க்க நன்றாகத் தெரிகிற மரமாகப் பார்த்து, செவ்வாய்க்கிழமை காலையில் அதை ஏற்றிக் கட்டிவிட்டு, தூர நின்று பார்த்தான். அச்சு அசல் தனபால். நிஜ தனபாலைவிடக் கொஞ்சம் சுறுசுறுப்பாகக்கூடத் தெரிந்தது.

அப்புறம் பாறை, போன், நிழல். ராணுவத்தில் இரண்டே நிமிசத்தில் தூங்குவது எப்படி என்று ஒரு வீடியோ. அது முடிவதற்குள் தூங்கிவிட்டான். வீடியோ உண்மைதான் போலிருக்கிறது.

விழித்துப் பார்த்தால் கீழே கூட்டம். பாறையோடு பாறையாக ஒட்டிப் படுத்துக்கொண்டான். வேலி ஓரத்தில் கோகிலா. பக்கத்தில் பக்கத்துக் காட்டுக் கண்ணாயி, அவள் புருசன் அப்பாசாமி, இன்னும் ஏழெட்டுப் பேர். எல்லோரும் அண்ணாந்து மரத்தைப் பார்க்கிறார்கள். கோகிலா என்னவோ கேட்டாள். காற்று வீசியது. மரத்துத் தனபால் பவ்யமாகத் தலையாட்டினான். கண்ணாயி என்னவோ கேட்டாள். மறுபடி காற்று, மறுபடி தலையாட்டல். கூட்டம் திருப்தியாகக் கலைந்துபோனது.

தனபால் பாறையிலேயே எழுந்து ஒரு ஆட்டம் போட்டான். இத்தனை பேர்! இத்தனை சோடிக் கண்ணு! ஒருத்தருக்காவது சந்தேகம் வந்ததா? உலகத்து ராணுவமெல்லாம் தன்னைக் கூப்பிட்டு வேலை கொடுக்கலாம் என்று தோன்றியது. கொடுத்தாலும் நாலு நாள்தான் போவான்.

பொழுது சாய்ந்ததும் பொம்மையை இறக்கிப் புதரில் மறைத்துவிட்டு, முதல் நாள் பறித்ததில் ஒளித்து வைத்திருந்த பாதிச் சாக்கைத் தூக்கிக்கொண்டு, முக்கி முனகி ஊட்டுக்குப் போனான். கோகிலா சுடுதண்ணி வைத்திருந்தாள். கோழி அடித்திருந்தாள்.

"நாள் பூரா மரத்துலயே நின்னீங்களே, கஞ்சி கொண்டாந்து வெச்சும் எறங்கலை. பசிக்கலைங்களா?"

"வேலைன்னு வந்துட்டா எனக்குப் பசி தெரியாது புள்ள."

"மைனா ஒண்ணு வந்து உங்க தோள்ல குந்திச்சுங்க. அதுகூடத் தெரியலீங்களா?"

"ம்... எதோ குறுகுறுன்னுச்சு. கவனம் சிதறக்கூடாதுன்னு உட்டுட்டேன்."

"கழுத்து நோவுதுங்களா? எண்ணெய் போட்டு நீவி உடட்டுங்களா?"

"கழுத்தா? இடுப்புத்தான் நோவுது."

"எனக்கென்னமோ கழுத்துக்குத்தான் இன்னைக்கு வேலை ஜாஸ்தியோன்னு தோணுச்சுங்க" என்று சொல்லிவிட்டு அவள் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினாள். குழம்பு நன்றாக இருந்ததால் தனபால் அந்தப் பேச்சை யோசிக்கவில்லை.

புதன்கிழமையும் இதே ஏற்பாடு. இதே சுகம்.

வியாழக்கிழமை விடிந்தபோது வாசலில் பத்துப் பேர் பத்து ஏணியோடு நின்றார்கள். கடகடவென்று காட்டில் இறங்கினார்கள். பொழுது சாய்வதற்குள் நாற்பது மரமும் மொட்டை. களம் நிறையப் பச்சை மிளகு. கோகிலாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, போன பத்து நாளாக அதில் உட்கார்ந்திருந்த கவலை எங்கே போனதென்றே தெரியவில்லை. களத்து ஓரமாக நின்று குவியலில் கையை விட்டு அளைந்துகொண்டேயிருந்தாள். தனபாலுக்கும் மனது நிறைந்துபோனது. அவளுடைய அண்ணன் காசு கொடுத்து ஏற்பாடு பண்ணியிருப்பான் என்று அவனாகவே முடிவு கட்டிக்கொண்டான். நாள் பூரா களத்தில் நின்றபடி, வாரத்துக்கு நாலு நாள் வேலை பார்க்கிற நாடுகளைப் பற்றி எல்லோருக்கும் விளக்கம் கொடுத்தான். மரத்து மேல் இருந்தவர்களால் ஓட முடியவில்லை.

எல்லோரும் டீ குடித்துவிட்டு எழுந்தபோது கண்ணாயி சொன்னாள். "கண்ணு, நாளைக்கு வெடியறதுக்கு முன்னாடியே எங்க காட்டுக்கு வந்துரு சாமி. எங்குளுது எல்லாம் ஒசந்த மரம்."

"நானா? நான் எதுக்குங்க்கா?"

"மாத்தாளுக்குத்தான். நாளைக்கு எங்குளுது, நாளான்னைக்கு பொன்னாயி ஊடு, அப்புறம் யுவராஜ் காடு. வரிசையாப் பத்து நாளு."

"நான் எப்பங்க ஒத்துக்கிட்டேன்?"

"செவ்வாக்கெழம. மரத்து மேல இருந்து" என்றார் அப்பாசாமி. "அம்மிணி கேட்டுச்சு, நீ தலையாட்டின. பத்துப் பேரு பாத்தோமே மாப்ள."

"நானும் ஒருக்கா கேட்டேன்," என்றாள் கண்ணாயி. "அதுக்கும் ஆட்டுன. நல்லா ரெண்டு வாட்டி ஆட்டுன."

தனபால் அந்த மரத்தைப் பார்த்தான். "அது வந்துங்க... அது நான்..."

"நீ இல்லையா? அப்புறம் ஆரு மாப்ள அது?"

பத்துப் பேரும் அவனையே பார்த்தார்கள். அப்பாசாமியின் தோள் லேசாகக் குலுங்கிக்கொண்டிருந்தது. யுவராஜ் துண்டால் வாயை அமுக்கிப் பிடித்திருந்தான்.

அது வைக்கோல் என்று சொன்னால், நீ எங்கே இருந்தாய் என்பார்கள். பாறையில் என்றால், தேவனூர் நாடு தாண்டித் திருப்புலி நாடு வரைக்கும் கைகொட்டிச் சிரிப்பார்கள். அவன் பேரன் பேத்திக்குக்கூட வைக்கோலான் ஊடு என்றுதான் பேர் விளங்கும். சொல்லாவிட்டால் பத்து நாள் மரம். தனபால் கோகிலாவைப் பார்த்தான். அவள் டீ டம்ளர்களைக் கவனமாக ஒன்றுக்குள் ஒன்று அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நான்தானுங்க," என்றான் தனபால். "வாரேனுங்க."

எல்லோரும் போனதும் அவன் மிளகுக் குவியலுக்குப் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"அடிப்பாவி! எப்பவே தெரியுமா?"

"கஞ்சி கொண்டாந்தப்பவே தெரியுமுங்க. டவுசருக்குக் கீழ காலே இல்லீங்களே."

"ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"வேலைல இருந்தீங்க. கலைக்கக்கூடாதுன்னீங்க."

தனபால் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். சரி, தொலையட்டும். பத்து நாள்தானே. பல்லைக் கடித்துக்கொண்டு ஏறி இறங்கிவிட்டால் பதினோராவது நாள் அவன் ராஜா.

"பத்து நாளோட முடிஞ்சிருமில்ல?"

"மொளகு முடிஞ்சிருமுங்க. அப்புறம் குச்சிக்கிழங்கு புடுங்கறதுக்கு ஆறு நாளு."

"அதுக்கும் ஆட்டினனா?"

"ஆட்டினீங்க. பூபதி ஊட்டுக்குக் கூரை மாத்தறதுக்கு ரெண்டு நாளு. எங்கண்ணன் காட்டுக்கு நாலு நாளு."

"உங்கண்ணனுக்குமா?"

"அதுக்குத்தான் ரொம்ப சந்தோசமா ஆட்டினீங்க."

தனபால் தலையில் கையை வைத்துக்கொண்டான். "இன்னும் எத்தனைக்குத்தான்டி தலையாட்டித் தொலைச்சேன் நானு?"

கோகிலா அடுக்கின டம்ளர்களை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"ரெண்டு நாளும் நல்ல காத்துங்க."