கணினிக்கு வேர்க்கிறது

ஆய்வு நிலைய முற்றத்தில் வெட்டியது மூன்று மரமா, நான்கு மரமா என்பதில் எனக்கு இப்போது சந்தேகம் இருக்கிறது. ஒன்று இரட்டை அடிமரமாக நின்றதால் அதை இரண்டென்று எண்ணியவர்களும் உண்டு. ஆனால் எல்லாம் தொடங்கிய அந்தச் சாயங்காலம் அவள் போட்ட சத்தத்தைக் கேட்டவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

"மறுபடியும் நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சு மேடம்," என்றார் எலக்ட்ரீஷியன். "ரூம் ஒரே சூடு. கம்ப்யூட்டர் தானாவே அணைஞ்சுக்குது. பாவம், அதுக்கும் வேர்க்கும்ல?"

"வேர்த்தா நீங்க உக்காந்து விசிறுங்க! அடுத்த வாரம் விசாரணை. எனக்கு ரிசல்ட் வேணும்."

அந்த வானிலை ஆய்வு நிலையத்தில் அவளுக்குப் புயல் என்று பெயர். முன்னறிவிப்பு இல்லாமல் வருவாள் என்பது காரணம்.

ஊருக்கு மேற்கே ஒரு காடு இருந்தது. அதை அழித்து ஏதோ அரசுக் கட்டடம் கட்டப்போவதாக அறிவிப்பு வந்திருந்தது; அதைப் பற்றிக் கருத்துக் கேட்கத்தான் அந்த விசாரணை. வேலைக்கு வருமுன் அந்தக் காட்டுக்குள் யாரோடும் பேசாமல் ஒரு சுற்று நடப்பது அவள் வழக்கம். நாள் முழுக்க மனிதர்களைப் பொறுத்துக்கொள்ள அந்த மௌனம் அவளுக்குத் தேவைப்பட்டது. ஆனால் "எனக்கு அந்த இடம் பிடிக்கும்" என்று சொன்னால் எந்த அதிகாரி காதில் வாங்குவார்? எண்ணால் சொல்ல வேண்டும்.

அதனால் கணினிக்குள் ஊரைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, எந்தக் கட்டத்தில் மரம், எதில் புல், எதில் வெறும் மண் என்று குறித்து ஒரு மாடல் செய்திருந்தாள். மரம் வேரால் நீரை இழுத்து இலையால் விடுகிறது, காற்று குளிர்கிறது, மேகம் கூடி மழை பெய்கிறது, அந்த மழையில் மரம் வளர்கிறது. இந்தச் சுற்றிலிருந்து காட்டை உருவிவிட்டால் ஊர் என்ன ஆகும்?

காடு இருக்கும் ஊரைக் கணினி சமர்த்தாகக் கணக்குப் போட்டு முடித்தது. காடு இல்லாத ஊருக்கு வந்தபோது வெயில் காலமும் வந்துவிட்டது. பாதியில் மயங்கி விழும். விழுந்தால் மறுபடி முதலிலிருந்து ஓட்ட வேண்டும்.

"ஏசியோட வெளிப்பெட்டி முழுக்க இலை மேடம். பக்கத்துல நிக்கிற மரத்துல ஒரு கிளையைக் கழிச்சா சரியாப் போயிடும்."

"மரத்துக்காக ஓட்டுற மாடலுக்கு மரத்தை வெட்டணுமா? உங்களுக்கெல்லாம் மூளை தலையில இருக்கா, முழங்கால்ல இருக்கா?"

டைரக்டர் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. புயலுக்கு அதுவே பெரிய கோபம்.

"ஒரு கிளைதானேம்மா. ஒரு காடே பிழைக்கப் போகுது."

பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள்.

கிளை விழுந்தது. அது தடுத்து வைத்திருந்த வெயில் நேராக வெளிப்பெட்டியின் தலையில் இறங்கியது. சாயங்காலம் மயங்கிக்கொண்டிருந்த மெஷின் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே மயங்கியது.

"இன்னொரு ஏசி போட்டுடலாம் மேடம். ஆனா அதோட வெளிப்பெட்டிக்கு இடம்..." என்று எலக்ட்ரீஷியன் மரத்தைப் பார்த்தார்.

"அதைப் பார்க்காதீங்க!"

"சரி, பார்க்கல." சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்: "அந்த மரம் நிக்கிற இடம்தான் தோது."

மரம் போயிற்று. நிழலிலேயே வாழ்ந்த மேற்குச் சுவர் கை வைக்க முடியாமல் கொதித்தது. இரண்டு ஏசியும் அறையின் சூட்டை முற்றத்தில் கொட்டின; முற்றத்துச் சூடு சுவர் வழியாகப் பத்திரமாக அறைக்கே திரும்பி வந்தது. மூன்றாவது ஏசி வந்தது. மூன்றையும் தாங்காமல் ஃபியூஸ் போயிற்று. ஜெனரேட்டர் வந்து இறங்கியது. அதற்கும் நிற்க இடம் வேண்டுமே!

வீட்டில் கணவன் தட்டை வைத்துக்கொண்டே கேட்டான்: "இன்னைக்கு எத்தனை மரம்?"

"வாயை மூடுங்க."

"இல்ல, காட்டைக் காப்பாத்துறதுக்குள்ள நம்ம தெருவுக்கும் வந்துடுவியோன்னு கேட்டேன்."

அவள் சாப்பிடாமல் எழுந்து போய்ச் சன்னலருகே நின்றாள். அவன் சொன்னதில் தப்பே இல்லை என்பதுதான் ஆத்திரமாக இருந்தது.

மறுநாள் மிச்சம் நின்றவற்றை எடுக்கும்படி அவளே சொன்னாள். அறுக்கும் சத்தம் கேட்காமலிருக்கக் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். யார்மேல் கோபப்படுவது என்று முதல்முறையாக அவளுக்குத் தெரியவில்லை.

விசாரணைக்கு முந்தின நாள் ஓட்டம் முடிந்தது.

விசாரணை அறையில் அவள் பேசவில்லை, வெடித்தாள்.

"இந்த ஊர்லயே குளிர்ச்சியான இடம் அந்தக் காடுதான். ஊரைவிட நாலு டிகிரி குறைவு! அதை வெட்டினா ஊர்ல ரெண்டு டிகிரி ஏறும், கோடை மழை பாதியாப் போயிடும். இதை யாராவது மறுக்க முடியுமா?"

அதிகாரி மறுக்கவில்லை. தலையைத் தலையை ஆட்டினார். முன் வரிசையில் டைரக்டர் மெல்லக் கைதட்டினார். "ஏற்றுக்கொள்கிறோம்" என்றார் அதிகாரி. பதில் பேச ஆளே இல்லாத கூட்டத்தை அவள் வாழ்க்கையில் பார்த்ததில்லை. கால்கள் தரையில் பாவாமல் வெளியே வந்தாள்.

தாழ்வாரத்தில் அந்த அலுவலகத்துக் குமாஸ்தா மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"ரொம்ப நன்றி மேடம்! உங்க ஆபீஸ் கம்ப்யூட்டருக்குக் கட்டடம் கட்ட நல்ல குளிர்ச்சியான இடமா அந்தக் காட்டைத்தானே உங்க டைரக்டர் கேட்டிருந்தாரு? நிஜமாவே குளிர்ச்சிதானான்னு சொல்ல ஆளில்லாமத்தான் இத்தனை நாளா ஃபைல் நகரவே இல்ல."

காடு போயிற்று, கட்டடம் வந்தது. டைரக்டர் பதவி உயர்ந்து வேறு ஊருக்குப் போனார். எலக்ட்ரீஷியனுக்குப் புது இடத்து ஏசிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை நிரந்தரமானது. புயல் வேலையை விடவில்லை. காலையில் நடப்பதை விட்டுவிட்டாள். ஊரில் வெயில் இரண்டு டிகிரி ஏறியது. மாடல் போட்ட கணக்கு தப்பவில்லை.